பின்தங்கியவர் யார்?

உழவரைப் பற்றி எழுதப்படும் ஆய்வேடுகள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. உழவரின் வாழ்வும் அவ்வாறே பெருகி வருகின்றதா? இக்கேள்வியை நாம் ஏளனத்திற்காக எழுப்பவில்லை. ஆராய்ச்சியின்மீது மதிப்பு வைத்திருப்பவர்கள் என்ற முறையிலேயே எழுப்புகின்றோம். கதையையும் கவிதையையும் நாடகத்தையும் சமுதாயக் கண்ணோட்டத்துடன் விமர்சிக்கும் நாம், கமக்காரனைப் பற்றிய அறிக்கையை மட்டும் விமர்சனத்திற்கு அப்பாற்பட்டதாகக் கருதி ஒதுக்கிவிடுதல் முறையன்று. கதையிலே ஒரு பாத்திரம் பொய்யாகப் படைக்கப்பட்டால் வாசகனின் சுவை கெடுகின்றது, அவ்வளவே. அறிக்கையிலே ஒரு கமக்காரன் பொய்யாகப் படைக்கப்பட்டாலோ, அப்பொய்யின்மேல் திட்டம் எழுகின்றது. திட்டத்தின்மேல் கடன் எழுகின்றது. கடனின் சுமை உயிருள்ள மனிதரின் தலைமீது இறங்குகின்றது.

ஆராய்ச்சி நிலையங்களிலே கண்டறியப்படும் விதை, பசளை, பூச்சிக் கட்டுப்பாடு, இயந்திரம் முதலியன பற்றிய அறிவைக் கிராமத்திற்குக் கொண்டு செல்லும் பணிக்கு விவசாய விரிவாக்கம் என்று பெயர். அப்பணி எவ்வளவு தூரம் பயன் தந்தது என்று அளந்து பார்ப்பது விரிவாக்க ஆய்வு. கடந்த சில பத்தாண்டுகளில் இதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வயலில் வேலையும் வருவாயும் போதாதவர்களைச் சிறு வியாபாரிகளாகவும் சிறு உற்பத்தியாளர்களாகவும் மாற்ற முனையும் கிராமிய முயற்சியாண்மைப் பயிற்சியே அது. இவ்விரண்டையும் அம்பாறைக் கரையோரத்தில் நின்று நோக்குவது இக்கட்டுரையின் எல்லை.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என வடக்கிலிருந்து தெற்கே நீளும் இக்கரையில் முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. கிழக்கே கடல்; மேற்கே வயல். பள்ளிவாசலுக்குப் போகின்றவரும் திருக்கோவில் சித்திர வேலாயுதரைக் கும்பிடப் போகின்றவரும் வயற்பரப்பை ‘வட்டை’ என்றே சொல்கின்றனர். நெற்செய்கையை ‘வேளாண்மை’ என்றே சொல்கின்றனர். நிலவுடைமையாளரான ‘போடியாரை’யும், அவருக்காக வயலில் நின்று உழைக்கும் ‘முல்லைக்காரனை’யும் இரு சாராரும் அறிவர். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தோன்றி, இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனநாயக்க சமுத்திரத்தின் நீர் கீழ்நோக்கி ஓடத் தொடங்கிய நாள்முதல் இப்பகுதி நிபுணர்களின் பார்வைக்கு உட்பட்டது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டு அம்பாறை தனி மாவட்டமாயிற்று. திருக்கோவில் பக்கத்து வயல்களோ சாகாமக் குளம், ரூபஸ் குளம், கஞ்சிகுடிச்சாறு முதலியவற்றின் நீரையும் மாரி மழையையும் நம்பி நிற்பவை.

இத்தகைய பிரதேசங்களைப் பற்றிய விரிவாக்க ஆய்வேடுகளின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. ஒரு பகுதி தெரிவு செய்யப்படும்; கமக்காரர் சிலர் மாதிரியாக எடுக்கப்படுவர்; வினாக்கொத்து நிரப்பப்படும். வயது என்ன? எந்த வகுப்புவரை படித்தவர்? வானொலி கேட்பவரா? கைத்தொலைபேசி வைத்திருப்பவரா? பயிற்சிக்கு எத்தனை முறை வந்தார்? சிபாரிசு செய்யப்பட்ட அளவில் பசளை இட்டாரா? விடைகள் எண்களாகும், எண்கள் அட்டவணைகளாகும். அறிவு, மனப்பாங்கு, நடைமுறை என்ற மூன்று தலைப்புக்களின்கீழ்க் கமக்காரன் அளக்கப்படுவான். கல்வி குறைந்தவர்களும் முதியவர்களும் புதிய முறையை ஏற்கத் தயங்குகின்றனர், ஆகவே விழிப்புணர்ச்சியும் பயிற்சியும் மேலும் தேவை என்ற முடிவு இறுதியில் வரும். விதிவிலக்கான ஆய்வுகள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பொதுவாக, நோய் கமக்காரனின் மூளையில் இருப்பதாகவும் மருந்து பயிற்சி மண்டபத்தில் இருப்பதாகவுமே இவ்வேடுகள் கொள்கின்றன.

இப்பார்வை நம் மண்ணில் முளைத்ததன்று. ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே 1928 தொடக்கம் கலப்பினச் சோள விதை பரவலாயிற்று. அது பரவிய முறையைப் பிறைஸ் றையன், நீல் குறொஸ் என்ற இரு சமூகவியலாளர் 259 விவசாயிகளிடம் விசாரித்து 1943இல் வெளியிட்டனர். அவர்களுள் றையன் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியற் பேராசிரியராக விளங்கியவர். நம் நாட்டின் சாதியமைப்பைப் பற்றி 1953இல் நூல் எழுதியவர். அயோவாவில் தொடங்கிய ஆய்வுமரபை 1962இல் எவரெட் ரொஜர்ஸ் என்பவர் ஒரு கோட்பாடாகத் தொகுத்தார். புதுமையை முதலில் ஏற்போர் முதல் கடைசியில் ஏற்போர் வரை விவசாயிகளை ஐந்து வகையாகப் பிரித்தார். ஐந்தாவது வகையினருக்கு அவர் இட்ட பெயர் ‘பின்தங்கியோர்’. அந்தப் பெயர் கடல் கடந்து, மொழி கடந்து, இன்று நம் மாணவர்களின் ஆய்வேடுகளிலும் குடியேறியிருக்கின்றது.

ஆனால் ரொஜர்ஸ் தாமே பிற்காலத்தில் ஒப்புக்கொண்ட ஒரு செய்தியை நம் ஏடுகள் எடுத்துக் கூறக் காண்பது அரிது. 1954இல் அயோவாவில் அவர் விசாரித்த ஒரு விவசாயி, களைகொல்லிகளையும் பிற இரசாயனங்களையும் ஏற்க மறுத்தவர். அவை தன் வயலின் மண்புழுக்களையும் பறவைகளையும் கொல்கின்றன என்பது அவர் கூறிய காரணம். ரொஜர்ஸ் அவரைப் பின்தங்கியோர் வரிசையில் சேர்த்தார். பல ஆண்டுகள் கழிந்த பின்னர், இயற்கை முறை விவசாயத்தை உலகம் பேசத் தொடங்கிய காலத்தில், அம்மனிதர் பின்தங்கியவரல்லர், காலத்திற்கு மிகவும் முந்தியவர் என்று ரொஜர்ஸ் எழுதினார். புதுமை எல்லாம் நன்மையே என்ற முற்சாய்வும், புதுமை பரவாவிட்டால் தனிமனிதனையே குற்றஞ்சாட்டும் முற்சாய்வும் இத்துறையிலே உள்ளன என்றும் அவர் ஏற்றுக்கொண்டார். ஆசிரியர் திருந்தினார், அவருடைய பழைய பாடத்தை மாணவர்கள் இன்னும் ஒப்புவித்துக்கொண்டிருக்கின்றனர்.

நம் ஊருக்கு வருவோம். சாகாமக் குளத்தின்கீழ் மூன்று ஏக்கர் வயலைக் குத்தகைக்குச் செய்யும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வினாக்கொத்துடன் வரும் மாணவர் அவரிடம், “அண்ணன், மண் வளத்திற்குச் சேதனப் பசளை நல்லதென்று தெரியும்தானே, ஏன் போடவில்லை?” என்று கேட்கின்றார். “வயல் என்ட இல்ல தம்பி, போடியார்ட. அடுத்த போகம் நான் செய்வனோ வேற ஆள் செய்வானோ, ஆருக்குத் தெரியும்?” என்று அவர் பதில் சொல்லக்கூடும். மண்ணைத் தேற்ற இடும் சேதனப் பசளையின் முழுப் பலன் ஒரு போகத்தில் வருவதன்று. பல போகங்களில் சிறுகச் சிறுக வருவது. அடுத்த போகமே உறுதியில்லாதவன் அடுத்தவனுடைய மண்ணுக்கு எருச் சுமப்பானா? இது அறியாமையா, கணக்கா? ஆனால் வினாக்கொத்திலே இந்த விடையை எழுதக் கட்டம் இல்லை. ‘மனப்பாங்கு: சாதகமற்றது’ என்று பதியப்பட்டு அவர் பின்தங்கியோரில் ஒருவராகின்றார்.

நிலத்தைப் போன்றதே நீரும். வரிசை நடுகையும் குறுகிய வயது நெல்லும் உரிய நாளில் நீர் கிடைத்தாலன்றிப் பலன் தருவனவல்ல. வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவனுக்கு நாள் குறித்து விதைக்க முடியும். வாலில் உள்ளவனுக்கு நீர் வந்தால் விதைப்பு, வராவிட்டால் வானம். சிபாரிசுப் பட்டியல் இருவருக்கும் ஒன்றே. கடனும் அவ்வாறானதே. விதைப்புக் காலத்தில் வியாபாரியிடம் பசளையும் எண்ணெயும் கடனாக வாங்கியவன் அறுவடை நாளில் அதே வியாபாரியிடம் நெல்லை அளக்க வேண்டியவனாகின்றான். நெற் சந்தைப்படுத்தும் சபைக்கு விற்பதாயின் ஈரப்பதம் 14 சதவீதத்திற்கு மேற்படலாகாது. பெரும்போக அறுவடைக் காலத்திலோ மழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும். காயவைக்கத் தளமில்லாதவன் தார் றோட்டில் நெல்லைப் பரப்புகின்றான். அதற்கும் இடமில்லாதவன் ஈர நெல்லையே வந்த விலைக்குக் கொடுக்கின்றான். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்ற பழமொழி, கணக்குப் பார்க்கத் தெரியாதவர்கள் உண்டாக்கியதன்று.

கமக்காரன் பழைமையில் ஊறியவன், புதுமைக்குப் பகைவன் என்ற குற்றச்சாட்டை நம் வயல்களின் வரலாறே மறுக்கின்றது. 1952இல் தொடங்கிய பத்தலகொட நிலையத்திலிருந்து 1958இல் எச்-4 என்ற நெல்லினம் வெளிவந்தது. 1970 முதல் பிஜி வரிசை இனங்கள் தொடர்ந்தன. இன்று இலங்கையின் நெல்வயல்களில் மிகப் பெரும்பகுதி மேம்படுத்தப்பட்ட இனங்களையே விளைவிக்கின்றது. கிழக்கின் கமக்காரரும் அவற்றைத் தயக்கமின்றி ஏற்றனர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஏற்றனர். ஏன்? விதையைச் சிறிதளவில் போட்டுப் பார்க்கலாம். அதே போகத்தில் பலன் தெரியும். நிலச்சொந்தக்காரனுக்கும் குத்தகைக்காரனுக்கும் அது ஒருங்கே விளையும். ஏற்கத்தக்கதை மக்கள் ஏற்கின்றனர். ஏற்க முடியாத நிலையில் உள்ளவனிடம் போய், ஏன் ஏற்கவில்லை என்று கேட்பது ஆராய்ச்சியாகாது.

நிலவுறவைத் தொட முயன்ற சட்டமும் நம் நாட்டில் உண்டு. 1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகைக்காரனுக்கு நிலைத்த உரிமை அளிக்கவும், குத்தகையைக் கட்டுப்படுத்தவும், கமக்காரரே தெரிவு செய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைக்கவும் முனைந்தது. நிலவுடைமையாளரின் எதிர்ப்பால் அது பலவீனப்பட்டது. சட்டத்திற்கு அஞ்சி நாட்டின் பல பாகங்களில் குத்தகைக்காரர் வெளியேற்றப்பட்டனர். ஆயினும், விளைச்சலைப் பற்றிய கேள்வி நிலத்தைப் பற்றிய கேள்வியுடன் பிரிக்கமுடியாதது என்ற உண்மையை அச்சட்டம் ஒருமுறை உரக்கச் சொன்னது. அதன்பின் வந்த விரிவாக்க ஏடுகளில் அக்குரல் அரிதாகவே கேட்கின்றது.

கமக்காரனை அளக்கும் ஆய்வாளர்கள் விரிவாக்கச் சேவையையும் அதே கோலால் அளப்பார்களாயின் எத்துணை நன்றாயிருக்கும்! 1979ஆம் ஆண்டை ஒட்டி உலக வங்கியின் ஆதரவுடன் ‘பயிற்சியும் தரிசிப்பும்’ என்ற முறை இங்கு புகுத்தப்பட்டது. குறித்த நாளில் அலுவலர் குறித்த கமக்காரனைச் சந்திக்க வேண்டும். அக்கமக்காரன் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அறிவு மேலிருந்து கீழே சொட்டும் என்பது அதன் அடிப்படை. 1987இன் 13ஆவது திருத்தத்தின்பின் விரிவாக்கப் பணி மத்திக்கும் மாகாணத்திற்கும் இடையே பிளவுபட்டது. 1989-90 காலத்தில் கிராமமட்ட விரிவாக்க ஊழியர் ஏறத்தாழ 2,400 பேர் கிராம உத்தியோகத்தர்களாக மாற்றப்பட்டனர். வயலுக்குப் போனவர் அத்தாட்சிப் பத்திரத்தில் ஒப்பமிடுபவரானார். எஞ்சிய விவசாயப் போதனாசிரியர்கள் பரந்த பிரதேசங்களைத் தனியே சுமக்கின்றனர். அவர்களுள் மனச்சாட்சியுடன் உழைப்போர் பலர் என்பதை நாம் அறிவோம். குறை அவர்களுடையதன்று. பாலத்தை உடைத்துவிட்டு, ஆற்றைக் கடக்காதவனைச் சோம்பேறி என்பவர்களின் குறையே அது.

2021இல் நடந்தது இதன் உச்சம். 1962 முதல் மானிய விலையில் பசளை வழங்கி, விளைச்சல் பசளை மூட்டையில் இருக்கின்றது என்று இரண்டு தலைமுறைகளுக்குப் போதித்த அரசு, 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியால் தடை செய்தது. பத்தாண்டுகளில் படிப்படியாக நிகழும் என்று 2019இல் வாக்களிக்கப்பட்ட மாற்றம் ஒரே போகத்தில் திணிக்கப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்படுமுன் பெரும்போக விதைப்பு நாடெங்கும் தொடங்கிவிட்டது. 2021/22 பெரும்போகத்தின் நெல் உற்பத்தி முந்திய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் வீழ்ந்தது. இயற்கைப் பசளைக்கு நாம் எதிரிகள் அல்லர். மண்ணும் நீரும் நஞ்சாவதை எவர்தான் விரும்புவர்? ஆனால் ‘இரசாயனத்தைப் போடு’ என்ற கட்டளையும் ‘இரசாயனத்தை நிறுத்து’ என்ற கட்டளையும் ஒரே திசையிலிருந்தே வந்தன. இரண்டிலும் கமக்காரனிடம் எவரும் கேட்கவில்லை. அந்தப் போகத்தில் பின்தங்கியவர் யார்? வயலில் நின்று தலையிலடித்துக்கொண்டவரா, மேசையில் இருந்து ஒப்பமிட்டவரா?

இனி, இயந்திரத்தையும் முயற்சியாண்மைப் பயிற்சியையும் சேர்த்துப் பார்ப்போம். இவை இரண்டும் தனித்தனி அத்தியாயங்களாகவே எழுதப்படுகின்றன. ஆனால் வாழ்க்கையிலே அவை ஒரே கதையின் இரு பாகங்கள். அரிவாளால் வெட்டிக் கட்டிச் சூடு வைத்து அடித்த காலத்தில், அறுவடை என்பது நிலமற்ற குடும்பங்களுக்கும் சில கிழமை உணவு. வெட்டுக் கூலி உண்டு. கட்டுக் கூலி உண்டு. பெண்களுக்குக் கதிர் பொறுக்கும் உரிமை உண்டு. பாரிய அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியதும் நாட்கணக்கு மணிக்கணக்காயிற்று. கூலியாள் கிடைக்காத, மழை துரத்துகின்ற நிலையில் கமக்காரன் இயந்திரத்தை அழைப்பதை நாம் குறை கூறோம். மனித முதுகை நிமிர்த்தும் எந்த இயந்திரத்தையும் முற்போக்காளர் வெறுப்பதில்லை. ஆனால் ஆய்வேடு ‘கூலிச் செலவு மீதம்’ என்று ஒரு நிரலில் எழுதுகின்றதே, அந்த மீதம் வேறொரு வீட்டின் அடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை எந்த நிரலில் எழுதுகின்றது?

அந்த வீட்டுப் பெண்ணைத் தேடி அடுத்த அத்தியாயம் வருகின்றது. வயலில் வேலை இழந்தவளுக்கு மூன்று நாள் முயற்சியாண்மைப் பயிற்சி. ஒரு கோப்பு, ஒரு சான்றிதழ், மதிய உணவு. கோழி வளர், காளான் வளர், மா இடித்து விற்பனை செய். 2004 திசெம்பர் 26இன் கடற்கோளில் இம்மாவட்டத்தில் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். இலங்கையில் உயிரிழப்பு மிகுந்த மாவட்டம் இதுவே. அதன்பின் இக்கரைக்கு வந்த தொண்டு நிறுவனங்களின் வாழ்வாதாரத் திட்டங்களிலே இத்தகைய பயிற்சிகள் ஊருக்கு ஊர் நிகழ்ந்தன. தொழில்நுட்பப் பயிற்சி நிலமுள்ளவனுக்கு. முயற்சியாண்மைப் பயிற்சி அத்தொழில்நுட்பத்தால் வெளியே தள்ளப்பட்டவளுக்கு. இரண்டையும் இணைத்து நோக்கும் அறிக்கையே நமக்குக் கிடைக்கவில்லை.

இப்பயிற்சியின் மூலத்தையும் அறிந்துகொள்ளுதல் நன்று. அமெரிக்க உளவியலாளர் டேவிட் மக்கிளெலண்ட், ஒரு நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு அதன் மக்களின் உள்ளத்தே உள்ள சாதனை வேட்கையே காரணம் என்று 1961இல் நூல் எழுதினார். அதைச் சோதிக்க ஆந்திரத்தின் காக்கிநாடாவிலிருந்து சிறு வணிகர்களை ஐதராபாத்திலுள்ள பயிற்சி நிறுவனம் ஒன்றிற்கு 1964இல் அழைத்துப் பயிற்சி அளித்தார். பயன் கண்டதாக 1969இல் அறிவித்தார். அங்கே பயிற்றப்பட்டவர்கள் ஏற்கெனவே முதலும் கடையும் தொழிலும் உடையவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முதலுள்ளவனுக்குச் சொல்லப்பட்ட ஊக்கமொழி, முதலற்றவளுக்குச் சொல்லப்படும்போது என்ன பொருள் கொள்கின்றது? ‘உன் வறுமைக்குக் காரணம் உன் உள்ளத்தின் சோர்வு’ என்ற பொருளன்றோ கொள்கின்றது!

இலங்கையிலேயே இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உளர். சுரேஷ் டி மெல், டேவிட் மக்கென்சி, கிறிஸ்டபர் வூட்ரவ் ஆகியோர் சர்வதேசத் தொழில் தாபனத்தின் பயிற்சித் திட்டத்தைப் பெண்களிடையே சோதித்து 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏற்கெனவே தொழில் செய்த பெண்களுக்குப் பயிற்சி மட்டும் அளிக்கப்பட்டபோது, கணக்கு எழுதுதல் போன்ற நடைமுறைகள் சில மாறின. ஆனால் இலாபம் உயரவில்லை. பயிற்சியுடன் பண உதவியும் சேர்ந்தபோது முதல் மாதங்களில் இலாபம் உயர்ந்தது. இரண்டாம் ஆண்டில் அவ்வுயர்வு மறைந்தது. புதிதாகத் தொழில் தொடங்கியோரிடம் சில நற்பயன்கள் கண்டதையும் அவர்கள் நேர்மையுடன் பதிந்துள்ளனர். இத்தகைய நேர்மையே ஆய்விற்கு அணி. ஆயினும் பயிற்சிகள் குறைந்தபாடில்லை. ‘பயிற்றப்பட்டோர் தொகை’ என்ற எண்ணே வெற்றியின் அளவாக நிற்கின்றது.

பயிற்சிக்குப் பின்னால் கடன் வந்தது. குழுவாகக் கூட்டி, கிழமைக்குக் கிழமை வசூலிக்கும் நுண்கடன் நிறுவனங்கள் கிராமத்து முற்றங்களில் இறங்கின. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசே அறிவிக்க நேர்ந்தது. முயற்சியாளர் என்று சான்றிதழ் பெற்றவர்கள் கடனாளிகள் என்ற பட்டியலில் மீட்கப்பட வேண்டியவரானது எதைக் காட்டுகின்றது? இக்கரையின் மக்களுக்கு முயற்சி குறைவா? மருதமுனையின் நெசவாளர்களைப் பாருங்கள். தறியின் ஓசை கேட்டு வளர்ந்த அவ்வூருக்கு முயற்சியாண்மையைக் கற்பிக்க எவரும் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. நூலின் விலையும் சாயத்தின் விலையும் இயந்திரத் துணியின் போட்டியும் அவர்களுடைய உள்ளத்தின் வேட்கையால் தீர்மானிக்கப்படுவனவல்ல.

எனின், எல்லா ஆய்வும் வீண் என்று கூறுகின்றோமா? இல்லை. வேறு வழி உண்டு என்பதற்குச் சான்றும் இம்மாவட்டத்திலேயே இருக்கின்றது. கல்லோயா இடதுகரையிலே 1980-81 தொடக்கம் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் ஒரு முயற்சியில் ஈடுபட்டன. இளம் பட்டதாரிகள் அமைப்பாளர்களாகக் கிராமங்களிற் சென்று தங்கினர். அவர்கள் சிபாரிசுப் பட்டியல் கொண்டு செல்லவில்லை. வயல் வாய்க்கால் ஒவ்வொன்றிலும் நீர் பெறும் கமக்காரருடன் பேசி, உங்கள் பிரச்சினை என்ன என்று கேட்டனர். விடை, நீர். வாய்க்காலைச் சேர்ந்து துப்புரவாக்கினர்; முறைவைத்து நீர் பாய்ச்சினர்; மிஞ்சியதைக் கீழே உள்ளவர்களுக்கு விட்டனர். சட்டக்கோப்பும் பதவிகளும் பின்னரே வந்தன; வேலை முதலில் வந்தது. இதில் பங்குகொண்ட நோர்மன் அப்ஹொவ் இவ்வனுபவத்தை 1992இல் நூலாக எழுதினார்.

இதன் பொருளை உணர அப்பள்ளத்தாக்கின் பழைய வடுவையும் நினைக்க வேண்டும். 1956 யூனில் தமிழர்மீது வன்செயல் நிகழ்ந்த மண் கல்லோயா. அதே கல்லோயாவில் மேல்மடைச் சிங்களக் கமக்காரர் கீழ்மடைத் தமிழ்க் கமக்காரருக்கு நீர் விட்டனர். 1997இன் சிறுபோகத்தில், நீர்த்தேக்கத்தில் உள்ள நீர் இடதுகரையின் 65,000 ஏக்கரில் ஒரு சிறு பகுதிக்கே போதும் என்று அதிகாரிகள் கணக்கிட்டனர். கமக்காரர் அமைப்புக்கள் முழுப் பரப்பையும் செய்வோம் என்று வாதாடிப் பெற்று, இருந்த நீரைப் பங்கிட்டு, வழமையிலும் சிறந்த விளைச்சலைக் கண்டன என்று விஜயரத்னவும் அப்ஹொவும் 2000இல் எழுதினர். நாட்டின் பல பாகங்களில் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது! இனவாதம் இயற்கையானது, ஒற்றுமை கனவு என்போருக்கு ஒரு வாய்க்கால் சொன்ன மறுமொழி இது.

இம்முயற்சியையும் நாம் தெய்வமாக்க வேண்டியதில்லை. அந்நிய உதவியுடன் நடந்தது அது. அமைப்பாளர்களுக்கு நிரந்தர வேலை இல்லாமையால் பலர் விலகிச் சென்றனர். நிலமற்ற கூலியாளுக்கும் பெண்ணுக்கும் அவ்வமைப்புக்களில் இடம் குறைவு. வயலே இல்லாதவளுக்கு வாய்க்காற் கூட்டத்தில் என்ன வேலை என்று கேட்கும் சமுதாயமே நம்முடையது. நிலத்தின் கேள்வியை அது தொடவில்லை. ஆயினும் ஒன்றை நிறுவிக் காட்டியது: கமக்காரனைத் தனித்தனியாக நிறுத்தி அளந்தால் அவன் பின்தங்கியவனாகத் தோன்றுவான், சேர்ந்து நிற்க இடமளித்தால் பொறியியலாளரின் கணக்கையும் திருத்துவான்.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரெய்ரே, நாடு கடந்து வாழ்ந்த சிலி மண்ணில் நிலச்சீர்திருத்தப் பணியில் ஈடுபட்டிருந்தபோது, 1969இல் இப்பொருள் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். விரிவாக்கம் என்ற சொல்லையே அவர் ஐயுற்றார். அறிந்தவன் அறியாதவனுக்குத் தன் அறிவை நீட்டிக் கொடுப்பது என்ற எண்ணம் அச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கின்றது; கொடுப்பவன் மனிதன், பெறுபவன் பாத்திரம் என்றாகின்றது. உழவனும் விவசாய நிபுணனும் சேர்ந்து ஒரு பொருளை ஆராய்வதே கல்வி என்பது அவருடைய நிலைப்பாடு. கல்லோயாவின் வாய்க்கால் அதை நம் கண்முன் மெய்ப்பித்தது.

ஆகவே, நம் ஆசிரிய நண்பர்களிடமும் மாணவத் தோழர்களிடமும் நாம் சிலவற்றை வேண்டுகின்றோம். இக்கரையைச் சூழ ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. கமக்காரரின் பிள்ளைகளே அங்கு கற்கின்றனர். அவர்கள் வினாக்கொத்தைக் கையிலெடுக்கும்போது, வயதையும் வகுப்பையும் கேட்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். நிலம் யாருடையது? நீர் யார் கையில்? கடன் யாரிடம்? விலையைச் சொல்பவர் யார்? இவற்றுக்கு விடை பெறாத அட்டவணை எத்துணை நுட்பமான கணிதத்தால் ஆக்கப்பட்டாலும் பாதி உண்மையே. ஒரு கருவி எவருடைய சுமையைக் குறைத்தது என்று எழுதும் கை, எவருடைய கூலியைக் குறைத்தது என்றும் எழுதட்டும். கமக்காரன் என்ற சொல்லைப் பொறித்துவிட்டு, களை பிடுங்கும் பெண்ணை ‘குடும்ப உழைப்பு’ என்ற நிரலில் மறைக்காதிருக்கட்டும்.

இன்னொன்று. இவ்வேடுகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நூலகங்களில் உறங்குகின்றன. தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்பதை எழுதப்பட்டவன் அறியான். தம்பிலுவில் வயலில் எடுத்த விடைகளைத் தம்பிலுவில் மக்கள் முன்னிலையில் தமிழில் வாசித்துக் காட்டும் வழக்கம் ஏற்படுமாயின், எத்தனை முடிவுகள் அந்த இடத்திலேயே திருத்தப்படும்! ‘பின்தங்கியோர்’ என்ற சொல்லை அம்மனிதரின் முகத்தைப் பார்த்து வாசிக்க எந்த மாணவனுக்கு நா எழும்? வாசிக்க நா எழாத சொல்லை எழுதவும் கை கூசவேண்டும்.

சாகாமத்து வயலிலே நிற்கும் அந்தக் குத்தகைக்காரர் போகத்திற்குப் போகம் மழையையும் மடையையும் வட்டியையும் சந்தையையும் எண்ணிக் கணக்கிட்டு வாழ்கின்றவர். அவருடைய கணக்கு எங்கும் பதியப்படுவதில்லை. ஆனால் அது பிழைத்தால் ஒரு குடும்பம் பட்டினி கிடக்கும். ஆய்வாளரின் கணக்குப் பிழைத்தால் இன்னொரு பயிற்சி நடைபெறும். யார் யாரிடம் கற்க வேண்டும் என்பதை நம் வாசகர்களே தீர்மானிக்கட்டும்.